நாலு நாற்பதுக்குப் பேசிய பூ

தொப்பிப்பாறை மலையில் ஆர்க்கிட் பூக்கள் பேசத் தொடங்கியது ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மாலை நாலு நாற்பதுக்கு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பாய்லருக்கு மேலே கம்பியில் தொங்கிய செடி, பாய்லர் சூட்டில் ஊரிலிருந்த மற்ற செடிகளை முந்திக்கொண்டு பூத்து, பூத்த மூன்றாம் நாள், டீ குடித்துக்கொண்டிருந்த வத்தலக்குண்டு வண்டி டிரைவர் முத்துக்கருப்பனைப் பார்த்து, "மஃப்ளரக் கட்டிக்கிட்டுப் போங்க, பனி எறங்குது" என்றது. முத்துக்கருப்பன் "சரிம்மா" என்று மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, கிளாஸை வைத்துவிட்டு, வண்டியை எடுத்தார். பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவு வந்தபோதுதான், கடையில் அந்த நேரம் பெண்பிள்ளை யாரும் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. "நல்லதத்தான சொல்லுச்சு" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு கியரை மாற்றினார்.

மாசி பிறப்பதற்குள் ஊரில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு செடிகளும் பூத்துவிட்டன. வெளுத்த ஊதா இதழும், நடுவில் சின்ன மஞ்சள் உதடும் கொண்ட பூக்கள். ஒவ்வொரு நாளும் மாலை நாலு நாற்பதுக்கு, பாறையின் உச்சியில் பனி தொப்பி போல உட்கார்ந்து, பிறகு தொப்பி சரிந்து ஊர்மேல் விழுகிற அந்த நேரத்துக்கு, நானூற்றுப் பன்னிரண்டு செடிகளும் ஒரே குரலில் அதே ஐந்து சொற்களைச் சொல்லின. பெண் குரல். மெல்லிய குரல். யாரையும் அதட்டாத, அதே சமயம் சொன்னதைச் செய்யாமல் விட முடியாத குரல். யாருடைய குரல் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பிரகாசிக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் அது அவளுடைய குரல்.

பிரகாசிக்கு ஐம்பத்தொரு வயது. எட்டாவது வரை படித்தவள். அவளைப் பெண் பார்க்க அந்தக் காலத்தில் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரிடமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வீட்டாரும் பெண் ஊமை என்று முடிவுகட்டி, காப்பியைக் குடித்துவிட்டு மலை இறங்கிப் போனார்கள். மாதா கோயிலில் கடைசி வரிசை. பாட்டு பாடும்போது வாய் அசையும், சத்தம் வராது. கடையில் சாமான் வேண்டுமென்றால் சீட்டு எழுதிக் கொடுப்பாள். பத்தொன்பது வருடமாக அவள் வேலை செய்வது ஊரின் மேற்குக் கோடியில் உள்ள நாச்சியப்பன் சாரின் திசு வளர்ப்புக் கூடத்தில். அங்கே வேலை நேரத்தில் பேசக் கூடாது என்பது சட்டம். இந்த உலகத்தில் தனக்காகவே போடப்பட்ட சட்டம் அது ஒன்றுதான் என்று அவள் நினைத்ததுண்டு.

அந்தக் கூடத்தில் நடக்கிற வேலை இதுதான். நல்ல ஆர்க்கிட் செடி ஒன்றின் குருத்து நுனியைக் கிள்ளி, இளநீரும் சர்க்கரையும் வாழைப்பழமும் கடல்பாசியும் சேர்த்துக் காய்ச்சி உறையவைத்த கூழில், கண்ணாடிப் பாட்டிலுக்குள் வைத்தால், அது கடுகளவு பச்சை மணிகளாகத் திரளும். அந்த மணியைப் பிரித்து வேறு வேறு பாட்டிலில் வைத்தால் அவையும் திரளும். இப்படி ஒன்று நாலாகி, நாலு பதினாறாகி, கடைசியில் எல்லாம் ஒரே தாயின் செடிகள், ஒரே நிறம், ஒரே குணம், இம்மி பிசகாது. இதற்கு எதிரி ஒன்றே ஒன்று, பூசணம். வாய்க்காற்றில் பூசணம் இருக்கும். அதனால் பதினோரு பெண்களும் மாஸ்க் கட்டிக்கொண்டு, சுத்தமான காற்று முகத்தை நோக்கி வீசும் பதினோரு பெட்டிகளின் முன்னால் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல், இடுக்கியும் கத்தியுமாக வெட்டிப் பிரிப்பார்கள். பிரகாசி ஏழாம் நம்பர். அவள் வெட்டிய பாட்டில்களில் ஆயிரத்துக்கு மூன்றுதான் பூசணம் பிடிக்கும். மற்றவர்களுக்கு நாற்பது. கூடத்தின் பாட்டில் ரிஜிஸ்டரை எழுதுவதும் அவள்தான். எந்தப் பாட்டிலை எந்தத் தேதியில் எந்த நம்பர் வெட்டியது என்று, அடித்தல் திருத்தல் இல்லாமல், பத்தொன்பது வருடம்.

பதினோரு இடத்துக்கும் ஆளுக்கொரு ஜன்னல். ஏழாம் ஜன்னலுக்கு வெளியே ஒரு மண் ரோடு. ஜன்னலில் தெரிகிற ரோட்டின் ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டி, மறு முனையில் ஒரு சவுக்கு மரம். தினமும் மாலை நாலு நாற்பதுக்குச் சந்தியாகு அந்த ரோட்டில் வீட்டுக்குப் போவார். தொட்டியிலிருந்து மரம் வரை முப்பத்தோரு எட்டு.

சந்தியாகு கூடத்தின் பின்கட்டில் பெரிய குக்கரைப் பார்த்துக்கொள்பவர். பாட்டில்களையும் கூழையும் நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்கிற, ஆள் உயரத்து இரும்பு குக்கர் அது. ஐம்பத்தேழு வயது. மனைவி போய்ப் பதினோரு வருடம். குக்கர் நீராவியை விடுகிற பக்கத்திலேயே இருபத்திரண்டு வருடம் நின்றதில் இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது. காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு மஃப்ளர் வைத்திருந்தார். அதைத் தோளில் போட்டுக்கொள்வாரே தவிரக் கட்டமாட்டார். பிரகாசியும் அவரும் பத்தொன்பது வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்து மாலை. பிரகாசி புதிய தாய்ச் செடியிலிருந்து எடுத்த முதல் மணியை இடுக்கியில் பிடித்து, இருநூற்றுப் பதினாலாம் நம்பர் பாட்டிலின் வாயருகே கொண்டுபோன சமயம், ஜன்னலுக்கு வெளியே சந்தியாகு பதினெட்டாவது எட்டில் நின்று இருமினார். அதுவரை அவர் நடுவில் நின்றதில்லை. மஃப்ளர் தோளில் சும்மா கிடந்தது. பனி அவர் தலைக்கு ஒரு முழம் மேலே வந்துவிட்டது. அப்போது பிரகாசியின் வாய், பிரகாசியைக் கேட்காமல், "மஃப்ளரக் கட்டிக்கிட்டுப் போங்க, பனி எறங்குது" என்று சொல்லிவிட்டது.

பக்கத்தில் எட்டாம் நம்பர் கமலவேணி திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிகளின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பிரகாசி மணியைப் பாட்டிலுக்குள் இறக்கி, மூடியில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அதுவும் சட்டம்தான். பெட்டி முன்னால் தும்மினாலோ இருமினாலோ பேசினாலோ அந்தப் பாட்டிலுக்குக் குறி போட்டு, தனித் தட்டில் ஏழு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். பூசணம் வந்தால் குக்கருக்குப் போகும். வராவிட்டால் மற்ற பாட்டில்களோடு சேர்த்துவிடலாம். அவள் ஏழு நாளும் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஆக இருபத்தொரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை நூல் இல்லை, கறுப்புப் புள்ளி இல்லை, கூழ் கலங்கவில்லை. சுத்தமான பாட்டில். அவள் குறியை அழித்து அதைச் சேர்த்துவிட்டாள். பூசணத்தைத் தவிர வேறு எதுவும் பாட்டிலுக்குள் போய் வளரும் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. காற்றோ பெட்டிக்குள்ளிருந்து முகத்தை நோக்கி வீசுகிற காற்று; அதை எதிர்த்து ஐந்து சொற்கள் எப்படி நீந்திப் போயின என்பதை இன்றுவரை யாரும் ஆராயவில்லை.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒன்று நாலாகி, முப்பத்தாறு வாரத்தில் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு ஆயிற்று. வேர் பிடிக்கையில் தொண்ணூற்று நாலு போயிற்று. பாட்டிலைவிட்டு வெளியே எடுத்துத் தேங்காய் மட்டையிலும் கரியிலும் நட்டு வெளிக்காற்றுக்குப் பழக்கும்போது நூற்று முப்பத்தொன்று போயிற்று. மீதி மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. அதில் நானூற்றுப் பன்னிரண்டு ஊரில், மற்றதெல்லாம் மலைக்குக் கீழே. இந்தக் கணக்கு பிரகாசிக்கு மனப்பாடம். பூவின் பேச்சை முதலில் கேட்ட நாள் அவள் கையிலிருந்த இடுக்கி நடுங்கியது, மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று என்ற எண்ணை நினைத்துத்தான்.

ஆனால் ஊர் நடுங்கவில்லை. ஊருக்கு வேலை இருந்தது. மாலையில் பள்ளிக்கூடம் விடும் மணியைப் பூ பேசும் நேரத்துக்கு மாற்றிவைத்தார்கள். ரகமத்துல்லா பாய் கடையில் மஃப்ளர் இரண்டு முறை தீர்ந்துபோய், மூன்றாம் முறை லூதியானாவிலிருந்து மூட்டையாக வந்தது. ஆஸ்பத்திரியில் இருமல் மருந்து அப்படியே இருந்தது. தனியாக இருந்த ரிட்டயர்டு வாத்தியார் தேவசகாயம், நாலு முப்பத்தைந்துக்கே சட்டை மாற்றிக்கொண்டு செடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூ சொன்னதும் "கட்டிட்டேம்மா" என்று பதில் சொல்லி, பிறகு எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டார்.

காய்கறிக் கடை மூக்காயிக்குத்தான் சந்தேகம் வந்தது. "அது என்ன என் புருசன்கிட்ட மட்டும் அத்தன மரியாதயா 'போங்க'ங்குது? இருபத்தெட்டு வருசத்துல நாங்கூட அப்படிச் சொன்னதில்ல" என்று செடியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் கட்டினாள். மறுநாள் நாலு நாற்பதுக்கு அது மாட்டைப் பார்த்து அதையே அதே மரியாதையோடு சொன்னது. "மாட்டுக்கும் இதத்தான் சொல்லுது, அப்ப மனுசன்மேல தப்பில்ல" என்று செடியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். அவள் புருசனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். மாட்டுக்கு ஒரு சாக்கு கட்டிவிட்டார்கள்.

சித்திரை பிறந்ததும் கீழ்நாட்டுச் செடிகளும் பூத்தன. மதுரையில் ஒரு நகைக்கடைக்காரர் பூவின் பேச்சைத் தட்ட மனமில்லாமல், ஏசியைக் கூட்டிவைத்துவிட்டு, மஃப்ளரைக் கட்டிக்கொண்டு வியாபாரம் பார்த்தார். சிவகாசியிலிருந்து ஒருவர், "அக்கினி நட்சத்திரத்தில் இப்படிப் பேசும் செடியை விற்பது நியாயமா" என்று கேட்டு எழுதினார். செடியைத் திருப்பி அனுப்புங்கள் என்று சார் பதில் போட்டதற்கு, அனுப்ப முடியாது என்று எழுதினார். ராமநாதபுரத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. "எங்கள் ஊரில் பனி இறங்குவது கிடையாது. ஆனாலும் தினமும் நாலு நாற்பதுக்குத் தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து ஒருமுறை மேலே பார்க்கிறோம்."

கடிதங்களோடு கடிதமாக ஆர்டர்களும் வந்தன. காரைக்குடிக் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு, "இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லும் செடி முந்நூறு. திண்டுக்கல்லில் ஒரு நர்ஸிங் ஹோமுக்கு, "மாத்திர போட்டாச்சா?" என்று கேட்கும் செடி அறுபது. நிலக்கோட்டைக்காரர் ஒருவருக்கு ஒரே ஒரு செடி, அது "மோட்டார நிறுத்து" என்று மட்டும் சொன்னால் போதும்.

நாச்சியப்பன் சார் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். வெள்ளைக் கதர்ச் சட்டை, சத்தம் போடாத மனிதர். ஆடியில் பனி மறுபடி இறங்கத் தொடங்கியபோது அவர் பதினோரு பெண்களையும் நிற்கவைத்துச் சொன்னார். "வாயத் திறந்தா பூசணம்னு சொன்னவன் நாந்தான். இப்ப நானே சொல்றேன். பேசுங்கம்மா. ஆளுக்கொரு சீட்டு எழுதித் தர்றேன், அதப் பாத்துப் பெட்டிக்கு முன்னால சொல்லுங்க."

கமலவேணிக்கு வந்தது மோட்டார் சீட்டு. அவள் நாள் முழுக்க "மோட்டார நிறுத்து, மோட்டார நிறுத்து" என்று பாட்டிலைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் நாள் பாட்டில் நிறைய பச்சைப் பூசணம். கல்யாணச் சீட்டு கறுப்புப் பூசணம். மாத்திரைச் சீட்டில் பஞ்சு மாதிரி வெள்ளை. ஒரு வாரத்தில் எண்ணூற்று எட்டுப் பாட்டில்கள் குக்கருக்குப் போயின. பிரகாசிக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். அவள் அதை நாலாய் மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போல வாயைத் திறக்காமல் வெட்டினாள். அவள் பாட்டில்களில் பூசணமும் வரவில்லை, பேச்சும் வரவில்லை.

"சரி. அந்த முதல் மணிய யார் வெட்டுனாங்களோ அவங்க வாய்ல ஏதோ இருக்கு" என்றார் சார். "பிரகாசி, இருநூத்திப் பதினாலு யார் கையின்னு ரிஜிஸ்டரப் பாரு. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல கொண்டா."

அன்றிரவு என்று இல்லை, அந்த நிமிடமே அவளுக்குத் தெரியும், ரிஜிஸ்டரில் அந்த வரியில் ஏழு என்று இருக்கிறது. அவள் கையெழுத்தில் ஏழு. அந்த ஏழின் தலையில் ஒரு சின்ன வளைவு போட்டு மூடினால் ஒன்பது. அப்போது ஒன்பதாம் நம்பராக இருந்த சகாயமேரி வேலையைவிட்டுத் திருப்பூர் போய் இரண்டு வருடம். அவளை யார் தேடிப்போய்க் கேட்கப்போகிறார்கள்? பிரகாசி பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், மறுபடி மூடினாள்.

வேலை போகும் என்று அவள் பயப்படவில்லை. ஊர் சிரிக்கும் என்றுகூட அவ்வளவு பயப்படவில்லை. அவளைப் பார்த்துச் சிரிக்க ஊருக்கு அவள் எப்போது கிடைத்தாள்? அவள் பயந்தது வேறு. சந்தியாகு வீட்டுக்குப் போக இன்னொரு வழியும் உண்டு, பம்ப் ஹவுஸ் பக்கமாக, கீழ் ரோடு. நாலு பேர் நாலு விதமாகப் பார்த்தால், ஒரு மனிதர் வெட்கப்பட்டுக் கீழ் ரோட்டில் போகத் தொடங்கலாம். போனால் அந்த முப்பத்தோரு எட்டு போய்விடும். ஒரு நாளில் அவளுடையது என்று அவளிடம் இருந்தது அந்த முப்பத்தோரு எட்டுதான்.

ஆனாலும் ஏழு ஏழாகவே இருந்தது. பத்தொன்பது வருடமாகத் திருத்தாத கை, திருத்தச் சொன்னபோது கேட்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை அவள் ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்தாள்.

சார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஏழா? ஏழு நீயில்ல?"

எல்லாப் பெண்களும் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"ஏம்மா, நீயா பேசுன?"

பிரகாசி மாஸ்க்கைக் கழற்றினாள். "ஆமா சார்" என்றாள்.

இரண்டே சொல். ஆனால் தினமும் மாலையில் செடிகளிடமிருந்து கேட்கிற குரல் பகலில் பக்கத்திலிருந்து வந்ததும், பத்துப் பெண்களில் நாலு பேருடைய கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போய் இல்லாத மஃப்ளரைத் தேடியது.

"யக்கா" என்றாள் கமலவேணி. "எட்டு வருசமா பக்கத்துல உக்காந்திருக்கேன். உன் குரல நான் டீக்கடையிலயா கேட்டுத் தெரிஞ்சுக்கணும்?"

"அது கிடக்கட்டும்" என்றார் சார். "யார்கிட்டம்மா சொன்ன?"

பிரகாசி ஜன்னல் பக்கம் திரும்பினாள். சார் காத்திருந்தார். அவர் பொறுமையான மனிதர். பச்சை மணி திரளும்வரை காத்திருந்து பழகியவர். காத்திருந்து காத்திருந்து நாலு நாற்பது ஆனது. வெளியே நிழல்வலைக் கூடாரத்தில் இருந்த செடிகள் எல்லாம் ஒன்றாக "மஃப்ளரக் கட்டிக்கிட்டுப் போங்க, பனி எறங்குது" என்றன. ஏழாம் ஜன்னலுக்கு வெளியே, தோளில் மஃப்ளர் சும்மா தொங்க, தொட்டியிலிருந்து மரத்தை நோக்கிச் சந்தியாகு நடந்துபோனார். முப்பத்தோரு எட்டும் முடியும்வரை பன்னிரண்டு பேரும் அவர் நடப்பதைப் பார்த்தார்கள்.

"அதான பாத்தேன்" என்றாள் கமலவேணி, மெதுவாக.

சார் ரிஜிஸ்டரை மூடினார்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. ஐந்து பத்துக்கு ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பிரகாசி பயந்தது போல ஊர் சிரிக்கவில்லை. ஊருக்குச் சங்கடமாகிவிட்டது. டீக்கடையில் எல்லாரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப இத்தன நாளும் சந்தியாகு அண்ணனுக்குச் சொன்னதக் கேட்டா நாம கட்டிக்கிட்டிருந்தோம்?" என்றார் முத்துக்கருப்பன்.

"அடுத்தவர் பேருக்கு வந்த கடுதாசியப் பிரிச்சுப் படிச்ச மாதிரியில்ல ஆயிருச்சு" என்றார் தேவசகாயம் வாத்தியார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்து, மடித்து, பையில் வைத்தார்.

"தெரியாமத்தான கட்டுனோம்" என்றார் ரகமத்துல்லா பாய், வியாபாரக் கவலையோடு.

"தெரிஞ்சபிறகு கட்டுனா தப்பு" என்றார் வாத்தியார்.

அதோடு முடிந்தது. மறுநாளிலிருந்து நாலு நாற்பதுக்குப் பூக்கள் சொன்னதும் ஊரே மஃப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டது. உரியவர் கட்டட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பனியில் வெறும் கழுத்தோடு நின்றது. மூக்காயி மாட்டின் சாக்கைக்கூட அவிழ்த்துவிட்டாள்.

உரியவரையோ காணவில்லை. வெள்ளிக்கிழமை நாலு நாற்பதுக்குப் பிரகாசி ஜன்னலைப் பார்த்தாள். தொட்டி இருந்தது, மரம் இருந்தது, நடுவில் ஒரு எட்டும் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. கீழ் ரோடுதான் என்று அவள் முடிவுகட்டினாள். யாரையாவது கேட்டிருந்தால், குக்கரின் ரப்பர் வளையம் கிழிந்துவிட்டது, புது வளையம் வாங்க அவர் கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்று சொல்லியிருப்பார்கள். கமலவேணியைக் கேட்டிருந்தாலே போதும். கமலவேணி சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். கேட்கட்டும் என்று இரண்டு நாளாகக் காத்திருந்தாள். பிரகாசி யாரையும் கேட்கவில்லை. அன்று வெட்டிய பாட்டில்களில் இரண்டுக்குத் தேதி போட மறந்தாள். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, முன்னால் இருந்தவர்கள் தும்மத் தொடங்கினார்கள். அவள் எண்ணினாள், எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. வாசகம் முடிவதற்குள் பதினாறு தும்மல், பிரசங்கத்தில் பன்னிரண்டு, நன்மை அப்பம் வாங்கும்போது பத்து. மொத்தம் முப்பத்தெட்டு. வாத்தியார் ஒருவரே ஒன்பது. சாமியார் ஆசீர் கொடுக்கக் கையைத் தூக்கி, தும்மி, மறுபடி தூக்கினார். வெளியே வந்தபோது எல்லாரும் அவளைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் கழுத்திலும் மஃப்ளர் இல்லை.

கமலவேணி மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"யக்கா, நீ என்னமோ பண்ணு. ஆனா சீக்கிரம் பண்ணு. ஊரு தாங்காது. நாளைக்கி அவரு வந்துருவாரு. ரப்பரு வாங்கத்தான் போயிருக்காரு. நீ கேப்பன்னு ரெண்டு நாளா பாக்குறேன், வாயத் தொறக்குறியா?"

திங்கட்கிழமை நாலு முப்பத்தெட்டுக்குப் பிரகாசி இடுக்கியை ஸ்பிரிட்டில் போட்டாள். கத்தியைத் துடைத்து உறையில் வைத்தாள். விளக்கை அணைத்தாள். பத்தொன்பது வருடத்தில் ஐந்து மணிக்கு முன்னால் அவள் எழுந்ததில்லை. அதனால் நாற்காலி போட்ட சத்தத்துக்குப் பத்துப் பேரும் திரும்பினார்கள். சார் தன் அறையில் ஏதோ தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

வெளியே பனி தொட்டிவரை வந்துவிட்டிருந்தது. சந்தியாகு தொட்டியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார். பழைய ரோடு, பழைய நடை, தோளில் காப்பிக்கொட்டை நிற மஃப்ளர். கூடத்திலிருந்து வருகிறவர்கள் அவருக்கு இடது பக்கம்தான் வரமுடியும். அது கேட்காத காது. பிரகாசி அவருக்குப் பின்னால் வேகமாக நடந்து, ரோட்டைக் கடந்து, வலது பக்கத்துக்குப் போனாள். பதினெட்டாவது எட்டில் சேர்ந்துகொண்டாள். மாஸ்க்கைக் கழற்றினாள்.

"மஃப்ளரக் கட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "பனி எறங்குது."

சந்தியாகு நின்றார். தலையை ஒருபக்கம் சாய்த்து, சொல் முழுவதும் உள்ளே போய்ச் சேரும்வரை நின்றார்.

"இப்படித்தான் இருக்குமா?" என்றார். "உங்க குரலு ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது. அது பேசுற நேரத்துக்கு நான் எப்பவும் இந்த ரோட்டுல இருக்கேன், கூடாரத்துச் செடியெல்லாம் கேக்காத காதுப் பக்கம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு ஏழாம் ஜன்னல்ல உங்க மாஸ்க் அசைஞ்சுச்சு. நான் குக்கர்ல முள்ளு அசையறதப் பாத்துப் பொழைக்கிறவன். அதுவரைக்கும் ஒருநாளும் அது அசைஞ்சு பாத்ததில்ல. என்ன சொன்னீங்கன்னு தெரியல. மூணு வருசம் கழிச்சு முத்துக்கருப்பன் சொன்னப்பதான் தெரிஞ்சுது."

"டீக்கடைக்குப் போயிருந்தா கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம். அங்க எல்லாருக்கும் சொல்லுதாம். மாட்டுக்குக்கூடச் சொல்லுதாம்" என்றார் சந்தியாகு. "மாட்டோட பங்கு எனக்கெதுக்கு?"

பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை மூட மாஸ்க் இல்லை.

"தெரிஞ்சுதுல்ல? அப்ப கட்டியிருக்கலாமே. இருமல் வேற."

"கட்டிட்டா" என்றார் அவர், "நீங்க எதுக்கு வந்து சொல்லப் போறீங்க?"

அவள் அதை எண்ணினாள். ஆறு சொல். அவளுடையதைவிட ஒன்று கூடுதல்.

சந்தியாகு மஃப்ளரை எடுத்து, தலையைச் சுற்றி, காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு வலது காதைமட்டும் வெளியே எடுத்துவிட்டார். மீதிப் பதின்மூன்று எட்டையும் இரண்டு பேரும் நடந்தார்கள். மரத்தடியில் அவள் திரும்பிவிட்டாள். பதினோரு ஜன்னல்களில் பத்தில் முகங்கள் இருந்தன. டீக்கடைக்குச் செய்தி போய்ச் சேர ஆறு நிமிடம் ஆனது. ஏழாவது நிமிடம் ஊரே மஃப்ளரைக் கட்டிக்கொண்டது.

மறுநாள் நாலு நாற்பதுக்குப் பூக்கள் பேசவில்லை. மலையிலும் பேசவில்லை, மதுரையிலும் பேசவில்லை, ராமநாதபுரத்திலும் பேசவில்லை. பூக்கள் அப்படியேதான் இருந்தன, வாடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவர்கள் போல இருந்தன. சிவகாசிக்காரர், பேசாத செடியை வைத்து நான் என்ன செய்வது என்று எழுதினார். தேவசகாயம் வாத்தியார் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து, கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, போகிற வருகிறவர்களிடம் தானே அதைச் சொல்லத் தொடங்கினார். அவர் குரல் கரகரப்பு. ஆனாலும் கட்டிக்கொண்டார்கள்.

"பிரகாசி" என்றார் நாச்சியப்பன் சார், கடிதக் கட்டைக் காட்டி. "வேற ஏதாவது ஒண்ணு சொல்லிப் பாரேம்மா. ஒரே ஒரு மணிக்கு."

"சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல சார்" என்றாள் பிரகாசி.

அவள் இடத்தைவிட்டு எழுந்துபோகிற நேரத்தைக் குறிக்க ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. அதுவரை அவள் பெயருக்கு நேரே எதுவும் இருந்ததில்லை. அந்தத் திங்கட்கிழமை அவள் அதில் எழுதினாள்: ஏழாம் நம்பர், மாலை 4.38 முதல் 4.46 வரை இடத்தில் இல்லை. காரணம், பனி. செவ்வாயும் அப்படியே எழுதினாள். புதனும் எழுதினாள். தினமும் நாலு நாற்பதுக்கு ஒருவர் மஃப்ளரைக் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு தொட்டியருகே வந்து நிற்பதும், ஒருத்தி அவருடைய வலது பக்கமாகப் போய் ஐந்து சொல் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

அடுத்த சித்திரையில், தொப்பிப்பாறைமேல் ஒரு துளி மேகமும் இல்லாமல், பாறை வெயிலில் வெந்துகொண்டிருந்த மாதத்தில், சார் மாதக் கையெழுத்துக்காக ரிஜிஸ்டரைப் புரட்டினார். இருபத்தாறு வரி. இருபத்தாறிலும் அதே நேரம், அதே அழகான கையெழுத்து, காரணம், பனி. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு விசிறியைக் கூட்டினார். இருபது வருடத்தில் அந்த ரிஜிஸ்டரில் ஏறிய பொய் அது ஒன்றுதான். பேனாவை எடுத்து, சரி பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.